சிலாப்பைத் தாண்டிடுச்சு

பட்டப்பகலில் நடையில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். வெளியே அம்பத்தூர் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளேயும் இருட்டு கிடையாது. உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். இருந்தாலும் அந்தப் பல்பு எரியும்.

எரியவிடுகிறவள் கஸ்தூரி, எங்கள் ஹவுஸ் ஓனர் முனிரத்தினத்தின் ஒரே மகள். அணைக்கிறவர் முனிரத்தினம். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் விறகுத் தொட்டிக் கடையிலிருந்து வருவார். செருப்பைக் கழற்றுவார். பல்பைப் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். 'டொக்' என்ற சத்தம்கூட வராதபடி சுவிட்சை விரலால் அமுக்கி நிறுத்திவிட்டு உள்ளே போவார்.

பல்பு அணைந்த பிறகும் அதற்கு நேர் மேலே இருந்த மீட்டரில் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று போர்ஷனிலும் எதுவும் எரியாத நேரத்தில்கூட ஓடும். சக்கரத்தின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது கண்ணாடிக்குள் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வரும். நான் துணி மடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூந்தமல்லியிலிருந்து பெட்டி, பாய், ஸ்டவ்வோடு அம்பத்தூருக்குக் குடிவந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். "வீடு எப்படி இருந்தது என்று சொல்லவேயில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாயே, சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் கூசும்.

அதட்டாத ஓனர்

எழுபதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட்டு, நட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. முனிரத்தினத்தின் வீட்டில் முன் போர்ஷனில் அவரும் கஸ்தூரியும். நடுவில் நாங்கள். பின்னால் பிலோமினாவும் அவள் புருஷன் ஆசீர்வாதமும். ஆசீர்வாதத்துக்கு ஆவடியில் ஒரு ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. விடிவதற்குள் ரயிலைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர். பில் என்ன வந்தாலும் மூன்றாக வகுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்து ஓனர்களிடம் குடியிருந்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் எதிர்வீட்டு ஓனர் ஒன்பது அடித்தால் மெயினையே இறக்கிவிடுவார், குடித்தனக்காரன் சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி. பக்கத்துத் தெருவில் ஒரு ஓனரம்மா இருந்தாள். யாராவது ரகசியமாக இஸ்திரிப் பெட்டி போடுகிறார்களா என்று ஜன்னலோரம் வந்து மோந்து பார்ப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், மோந்துதான் பார்ப்பாள்.

முனிரத்தினம் அப்படியில்லை. வாடகையைப் பற்றிப் பேசுவார். குழாயடிச் சண்டையைப் பற்றிப் பேசுவார். சாக்கடை அடைத்துக்கொண்டால் நன்றாகவே திட்டுவார். ஆனால் கரண்ட் என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வராது. குடிவந்த புதிதில், நமக்கு வாய்த்த ஓனர் தங்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"தங்கமும் இல்ல, தகரமும் இல்லக்கா" என்றாள் பிலோமினா. "அந்த ஆளு ஒருவாட்டி வாயத் தொறந்தாரு. அதுக்கப்பால தொறக்கல."

அவள் சொன்ன கதை இதுதான். கஸ்தூரி பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலம். பின்கட்டில் ஒரு கிணறு. அதில் மோட்டார் போட்டிருந்தார் முனிரத்தினம். அப்போது தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான் மோட்டார். ஒருநாள் காலையில் அவர் மனைவி கன்னியம்மா மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாள். தொட்டி வழிந்து தண்ணீர் தெருவரைக்கும் வந்துவிட்டது. முனிரத்தினம் தெருவே கேட்கும்படி கத்தினார்.

"கரண்ட்டு இன்னா உங்கப்பன் ஊட்லர்ந்தா வருது? பில்லு நீயா கட்டப்போற?"

கன்னியம்மா போய் மோட்டாரை நிறுத்தினாள். நின்ற சத்தத்தை எல்லாரும் கேட்டார்கள். பிறகு கிணற்றுப் பக்கம் போனாள். திரும்பி வரவில்லை. தேடிப் போனபோது தண்ணீரில் கிடந்தாளாம்.

சொன்ன சொல் தாங்காமல் குதித்துவிட்டாள் என்று தெரு முடிவு கட்டியது. முனிரத்தினமும் அப்படியே நம்பினார். கிணற்றின் வாயில் கான்கிரீட் சிலாப்பு போட்டு மூடினார். மோட்டார், குழாய் எல்லாம் உள்ளேயே. ஒருதரம் ஆசீர்வாதம் வீட்டு ஒயரிங்கைப் பார்த்துத் தருகிறேன் என்று போர்டில் கை வைக்கப் போனதற்கு, "அத்தத் தொடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

கஸ்தூரி ஏன் பகலில் பல்பை எரியவிடுகிறாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. இருந்தாலும் ஒருநாள் கேட்டேன்.

"நைனா ஒரு வார்த்த திட்டட்டும் பாக்கலாம்னுதான்க்கா" என்றாள். "நான் இன்னா குதிச்சிடவா போறேன்?"

பிறகு அவளே சொன்னாள். "எங்கம்மாவுக்கு அந்த ஒரு வார்த்த பெர்சாப் பூட்ச்சு. நான் பெர்சாத் தெர்ல."

அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார்கள். கோபத்தில் கிணற்றில் குதிக்கிற வம்சத்திலிருந்து பெண் எடுப்பதா என்று இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகத் திருமழிசையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு சைக்கிள் கடை. அது மட்டும் இன்னும் உடையாமல் இருந்தது.

காலைத் தொடும் கல்

மழை விட்டிருந்த ஒருநாள் உச்சி வேளையில் கஸ்தூரி என்னைக் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஈ, காக்கை இருக்காது. ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ரயில் போகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கும்.

"செருப்பக் கழட்டுக்கா. கால நனைச்சுக்கோ."

சொம்புத் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டு, கிணற்றுச் சிலாப்பின் ஓரத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். உள்ளங்காலில் சின்னதாக என்னவோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்து உதறினேன். எறும்பு இல்லை. மறுபடி வைத்தால் மறுபடி ஊர்ந்தது.

கஸ்தூரி இரண்டு காலையும் சிலாப்பின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மா" என்றாள். "இந்த நேரத்துல வந்து கால வெச்சா தொடும். மழ நாள்ல நல்லாத் தொடும். வெயில் நாள்ல கோவமா கீதோ இன்னாவோ, தொடாது. யார்கிட்டயும் சொல்லாதக்கா. நைனாவுக்கும் தெரியாது."

எனக்கு எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு ஓட முடியவில்லை. அம்மா தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று பேசுகிற பெண், அம்மாவின் விரல் காலில் படுகிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன சொல்வேன்? கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, சோறு பொங்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நடையில் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிற மாதிரி இருந்தது.

மூன்று ஏழை, ஒரு பணக்காரன்

ஐப்பசி அடைமழை விட்ட பிறகு ரீடிங் எடுக்கிறவர் வந்தார். ஒல்லியான மனிதர். அக்குளில் பை, கையில் டார்ச். பேச்சை நடந்துகொண்டே பேசி நடந்துகொண்டே முடித்துவிடுவார். மீட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"சிலாப்பத் தாண்டிடுச்சும்மா" என்றார். "போன தபாவே விளிம்புல நின்னுகினு இருந்துச்சு. இந்தத் தபா ஏறி இப்பால வந்துடுச்சு. இனிமே கஷ்டந்தான். உஷாரா இருங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நடையில் நான், பிலோமினா, பூ விற்க வந்த பூக்காரி மூன்று பேரும் நின்றோம். எங்களுக்குத் தெரிந்த சிலாப்பு என்ன? அடுப்படியில் டப்பா அடுக்குவது சிலாப்பு. சாக்கடையை மூடுவது சிலாப்பு. பின்கட்டில் கிணற்றை மூடியிருப்பது சிலாப்பு. பூக்காரி மெதுவாகத் திரும்பிப் பின்கட்டைப் பார்த்தாள். முழம் போட்ட பூவை அளந்தது அளந்தபடி கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பொய் சொல்வானேன், நானும் போய்ப் பின்கட்டுக் கதவைத் தாழ் போட்டேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது அந்த சிலாப்பு இல்லமே. கரண்ட்டு ரேட்டு. இத்தினி யூனிட் வரிக்கும் ஒரு ரேட்டு. அத்தத் தாண்டுனா, தாண்டுனதுக்கு வேற ரேட்டு, ஜாஸ்தி. கம்மியா எரிக்கறவன் ஏழ, ஜாஸ்தியா எரிக்கறவன் பணக்காரன்னு ஒரு கணக்கு. அந்தப் படிக்குப் பேருதான் சிலாப்பு."

"நாம எந்தப் பணக்காரங்க?"

"மூணு ஏழ ஒரே மீட்டர்ல எரிச்சா அவன் கணக்குல ஒரு பணக்காரன்."

இந்த அநியாயத்தை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். தனித்தனியாக இருந்தால் மூன்று பேருமே கீழ்ப்படியில்தான் நிற்போம். ஒன்றாகச் சேர்ந்ததால் மேல்படிக்குப் போய்விட்டோம். நான் ஒரு விளக்கை அணைத்து மிச்சம் பிடித்தால் அது மூன்றாகப் பங்கு போய்விடும். பிறகு எவள் அணைப்பாள்?

ஆனால் சிரித்து முடித்த பிறகு என் வீட்டுக்காரரும் யோசித்தார். எங்களிடம் ஃபேன் கிடையாது. பிலோமினாவிடம் இருந்தது ஒரு ரேடியோ. கஸ்தூரியின் பகல் பல்பையும் சேர்த்துக்கொண்டாலும் அந்தப் படியைத் தாண்ட வழியில்லை.

"அப்ப யாருதான் எரிக்கிறது?" என்று கேட்டேன்.

திருமழிசை வரை

அதற்குள் பேச்சு குழாயடிக்குப் போய்விட்டது. கன்னியம்மா சிலாப்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டாளாம். இத்தனை நாள் விளிம்பில் நின்றிருந்தாளாம். கவர்ன்மெண்ட் ஆளே லைட் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டுப் போனாராம். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாரையும் நம்ப வைத்தது. சாமியாடி சொல்லியிருந்தால்கூட நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

நான் ரேட்டு, படி என்று விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். பாவம், பேயோடு குடியிருக்கிறவள், மனசைத் தேற்றிக்கொள்ளப் பேசுகிறாள் என்று என்னைப் பார்த்தார்கள். பூக்காரி எங்கள் வீட்டுப் படியை மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

பேச்சு பஸ் ஏறித் திருமழிசைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் சொல்லியனுப்பினாள். தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

முனிரத்தினம் தரகரை அனுப்பிவிட்டு நடையிலேயே உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அவர்கள் போர்ஷனில் இருந்த பல்பை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டாள். அவர் எழுந்து பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஒரு சத்தம் இல்லை. நான் என் போர்ஷன் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது கட்டை

எனக்கு வந்ததே கோபம். அடுத்த நாளே ரீடிங்காரரைப் பக்கத்துத் தெருவில் பார்த்துவிட்டேன். விடுவேனா?

"சார், நீங்க சொன்ன ஒரு வார்த்தையால ஒரு பொண்ணு கல்யாணம் நின்னுடும் போல இருக்கு. நீங்களே வந்து அதுக்கு அர்த்தம் சொல்லிட்டுப் போங்க" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு மூன்று வாயாடிகளையும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் காதில் விழுந்தால்தான் ஊர் காதில் விழும்.

அவரும் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். சிலாப்பு என்றால் ரேட்டு, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார். "இப்ப பாருங்க. ஊட்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. சக்கரம் கம்முனு நிக்கும்."

எல்லாவற்றையும் நிறுத்தினோம். பிலோமினா ரேடியோவின் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். மத்தியான வெயில் நடையில் விழுந்திருந்தது. எல்லாரும் மீட்டரைப் பார்த்தோம்.

சிவப்புக் கோடு வந்தது. போனது. மறுபடி வந்தது.

ரீடிங்காரர் கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "எதுனா எரியுதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இன்னும் ரெண்டு தெரு கீதும்மா" என்று வாசற்படிக்கு நகர்ந்தார். நான் கூட்டி வந்தவர்கள் அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். பேயை ஓட்டப் போய் அதற்கு நானே சாட்சி சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

கஸ்தூரி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மீட்டருக்குக் கீழே போர்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் வரிசையாக இருக்கும், போர்ஷனுக்கு ஒன்று. ஒன்றைப் பிடுங்கினாள். சக்கரம் ஓடியது. அடுத்ததைப் பிடுங்கினாள். ஓடியது. மூன்றாவதையும் பிடுங்கினாள். வீட்டில் ஒரு பொட்டுக் கரண்ட் இருக்க வழியில்லை. சக்கரம் ஓடியது.

பிலோமினா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னாள்.

போர்டின் ஓரத்தில் பழைய காலண்டர் ஒன்று ஆணியில் தொங்கியது. கஸ்தூரி அதைத் தள்ளினாள். பின்னால் ஒட்டடைக்குள் நாலாவதாக ஒரு கட்டை இருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். சிவப்புக் கோடு பாதி வழியில் மெதுவானது. நின்றது.

வீட்டில் அதுவரை ஒரு முனகல் இருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அத்த வெச்சிடும்மா" என்று ஒரு குரல் கேட்டது. முனிரத்தினம் வாசலில் நின்றிருந்தார். சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இது எந்த ஊட்டுக்குப் போவுது நைனா?"

அவர் பின்கட்டைப் பார்த்தார். கஸ்தூரி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

"தெறந்து பாத்துடலாம் நைனா" என்றாள்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் விறகுத் தொட்டிக்குத் திரும்பிவிட்டார்.

கிணற்றின் மேல் விளக்கு

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஆசீர்வாதம் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கடப்பாரை கொண்டுவந்தார். இருவருமாகச் சிலாப்பை நெம்பி நகர்த்தினார்கள். உள்ளேயிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. மழைத் தண்ணீர் மேலே வரைக்கும் ஏறியிருந்தது. பலகை மேல் துருப்பிடித்த மோட்டார் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு இரும்புக் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இன்னொன்று கிணற்று வாய் வரைக்கும் ஏறி வந்து நின்றிருந்தது.

முனிரத்தினம் சுவரோரம் நின்றார். கிட்டே வரவில்லை.

மோட்டாரின் சுவிட்சு பின்சுவரில் இருந்தது. கன்னியம்மா அன்றைக்கு நிறுத்தியது. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆசீர்வாதம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நாலாவது கட்டையைத் திரும்பப் போடச் சொன்னார். கட்டையைப் போட்டதும், இரண்டு ஒயர் கட்டிக் கொண்டுவந்திருந்த ஒரு பல்பை எடுத்தார். ஒரு ஒயரின் நுனியை ஈர மண்ணில் குத்தினார். இன்னொன்றைக் கிணற்றிலிருந்து வந்த குழாயில் வைத்தார்.

பல்பு எரிந்தது.

மங்கலாகத்தான் எரிந்தது. ஆனால் அந்த உச்சி வெயிலிலும் தெரிந்தது. நிறுத்தி வைத்த சுவிட்சுக்கு இந்தப் பக்கம், மூடி வைத்த கிணற்றுக்கு மேலே, அத்தனை வருஷத்துக்குப் பிறகு.

"சுவிட்சு தப்பான ஒயர்ல கீதுண்ணா" என்றார் ஆசீர்வாதம், முனிரத்தினத்தைப் பார்த்து. "நிறுத்துனா மோட்டார் நிக்கும். ஆனா கரண்ட்டு வர்ற ஒயரு நிக்காது. அது மோட்டார்லயும் பைப்புலயும் எறங்கி, தண்ணில போய்கினே இருந்திருக்கு. மழ பேஞ்சா தண்ணி ஏறும், இன்னும் ஜாஸ்தியாப் போவும். உங்க மீட்டரு ஓடுனது இதுக்குத்தான். இந்த ஈரத்துல நடந்துகினு நீங்கள்லாம் எப்டி உயிரோட கீறீங்கன்னே தெர்ல."

கஸ்தூரி தன் காலைக் குனிந்து பார்த்தாள். நானும் என் காலைப் பார்த்தேன்.

"அன்னிக்கும் இப்டித்தானா?" என்று அவள் கேட்டாள்.

"அன்னிக்கும் இப்டித்தாம்மா. மோட்டார நிறுத்தியாச்சேன்னு நம்பி பைப்புல கைய வெச்சிருக்கும். அடிச்சி உள்ள தள்ளியிருக்கும்."

"அப்ப குதிக்கல?"

"குதிக்கிறவங்க மோட்டார நிறுத்திட்டா போவாங்க?"

கஸ்தூரி அப்பாவின் பக்கம் திரும்பினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று. கேட்காதே என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"இந்த ஒயரு யாரு நைனா இஸ்தது?"

முனிரத்தினம் சுவரில் சாய்ந்தார். "நான்தாம்மா" என்றார். "மோட்டாருக்குத் தனி பவர் மீட்டர் வாங்கணும்னானுங்க. அது இன்னாத்துக்குத் தண்டச் செலவுன்னு லைட்டு லைன்லர்ந்தே நானா இஸ்துவுட்டேன்."

இத்தனை வருஷம் தன் வாய்தான் மனைவியைக் கொன்றது என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த மனிதர். வாய் கொல்லவில்லை என்று தெரிந்த அதே நேரத்தில் கை கொன்றது என்று தெரிந்துகொண்டார். இரண்டில் எது பெரிய பாரம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

ஒண்ணும் இல்லக்கா

ஒயரை அறுத்தார்கள். மோட்டாரைக் கயிறு கட்டி வெளியே எடுத்தார்கள். சிலாப்பை மறுபடி மூடினார்கள். எல்லாரும் போன பிறகு கஸ்தூரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றிக்கொண்டாள். சிலாப்பின் மேல் ஏறி நின்றாள். நகர்ந்து நகர்ந்து வேறு வேறு இடத்தில் காலை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

அம்மா குதிக்கவில்லை என்று கேட்டபோது அழாத பெண் அப்போதுதான் அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அவளைத் தொட்டுக்கொண்டிருந்தது அவள் அம்மாவைக் கொன்றதுதான் என்று இருவருக்கும் தெரியும். அதை நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கஸ்தூரி முனிரத்தினத்தோடு பேசவில்லை. பகல் பல்பு நின்றுபோயிற்று. சாயங்காலம் ஆனாலும் அவர்கள் போர்ஷனில் சுவிட்சு போடுவதில்லை. அரிக்கேன் விளக்கு ஒன்றை ஏற்றி நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். பேய் இருந்த காலத்தில்கூட எனக்கு அவ்வளவு பயமாக இல்லை.

அடுத்த முறை ரீடிங்காரர் வாசற்படியிலேயே நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி டார்ச் அடித்தார். "சிலாப்புக்குக் கீழ வந்துடுச்சு" என்றார். எல்லாரும் கேட்கும்படி, "ரேட்டு சிலாப்பு" என்று சேர்த்துக்கொண்டார்.

தையில் திருமழிசை அம்மாள் தானாகவே வந்தாள். எங்கள் தெரு வாயாடிகள் இந்தத் தடவை உருப்படியாகப் பேசியிருக்கிறார்கள். கஸ்தூரி அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலாப்பைக் காட்டினாள்.

"எங்கம்மா குதிக்கலீங்க. கரண்ட்டு அடிச்சி செத்துட்டாங்க" என்றாள். ஒயர் இழுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. முனிரத்தினம் பக்கத்தில்தான் நின்றார்.

"கரண்ட்டு அடிச்சா? அப்ப சரி" என்றாள் அந்த அம்மாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றில் செத்தால் கேவலம், கரண்ட்டில் செத்தால் கௌரவமா? ஆனால் கல்யாண விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொண்டுவந்து கொடுத்தேன்.

பத்திரிகை அச்சாகி வந்த நாளில் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நடையில் பல்பு எரிந்தது. வெகு நாளைக்குப் பிறகு. நான் எழுந்து கதவருகே போனேன்.

முனிரத்தினம் வந்தார். செருப்பைக் கழற்றினார். பல்பைப் பார்த்தார். வழக்கம்போல சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"கஸ்தூரி."

"இன்னா நைனா?"

அவள் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அவர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

"பட்டப்பகல்ல கரண்ட்டு இன்னாத்துக்கு எரியுது? பில்லு யாரு கட்றது?"

குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் திட்டுத்தான். கஸ்தூரி எட்டி சுவிட்சைத் தட்டினாள். 'டொக்' என்று நன்றாகவே கேட்டது.

"நிறுத்திட்டேன் நைனா" என்றாள்.

முனிரத்தினம் உள்ளே போகவில்லை. தலையைத் தூக்கி மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரம் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், "சோறு போடும்மா" என்றார்.